ஒன்றரை வயதுப் பிள்ளைக்குப் பக்கற் சாமானில் எதைக் கொடுக்கலாம்? (மாமியோடு சண்டை பிடிக்காமல்)

கொக்குவில்_தாய் | ஞாயிறு, இரவு 10.12

வணக்கம். மகளுக்கு இப்போது ஒரு வயதும் ஏழு மாதமும். அடுத்த மாதம் முதலாம் திகதி நான் திரும்ப வேலைக்குப் போகிறேன், காலை ஏழரைக்கு இறங்கினால் ஐந்து மணிக்குத்தான் வீடு. பகலில் பிள்ளையைப் பார்க்கப்போவது மாமி. அவருக்கு முழங்கால் வருத்தம். பிள்ளைக்குப் பின்னால் திரிவதே பெரிய வேலை, இதில் மூன்று நேரமும் அடுப்படியில் நின்று அவித்துக் கொடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வராது. ஆகவே பக்கற் சாமான் வீட்டில் இருக்கத்தான் போகிறது. எதை வைத்திருப்பது, எதை வாங்காமலே விடுவது என்பதுதான் கேள்வி. "எல்லாம் வீட்டிலேயே செய்யுங்கோ" என்று மட்டும் யாரும் எழுதவேண்டாம், அதை எங்கள் அம்மா ஒவ்வொரு நாளும் போனில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

இப்போது அலுமாரியில் உள்ளவை: மாரி பிஸ்கற், ரஸ்க், நூடில்ஸ், ஒரு ரின் மீன், முக்கோணச் சீஸ், வனிலா யோகற், பெட்டியில் வருகிற குழந்தைத் தானிய மா, "வளரும் பிள்ளைகளுக்கு" என்று எழுதிய ஒரு பெரிய பேணிப் பால்மா. அதோடு கனடா மச்சாள் வந்து இறக்கிவிட்டுப்போன பழக்கூழ்ப் பைகள் ஒரு டசின், மூடியைத் திருகி உறிஞ்சுகிற சாமான். நிறை கிளினிக் கொப்பியில் பச்சைக்குள்தான் போகிறது. ஒவ்வாமை ஒன்றும் இதுவரை இல்லை. இரவில் தாய்ப்பால் இன்னும் குடிக்கிறாள்.

நெத்தலிப்பொரியல் | ஞாயிறு, இரவு 10.31

நூடில்ஸை நீங்களும் அவரும் இன்றைக்கே சாப்பிட்டு முடியுங்கள்.

சும்மா சொல்லவில்லை. என் மகனுக்காக ஒருநாள் பக்கற்றைத் திருப்பிப் பார்த்தேன், ஒரு பக்கற்றுக்குச் சோடியம் 900 மில்லிகிராம் என்று இருந்தது. சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. அப்படிப் பார்த்தால் இரண்டேகால் கிராம். ஒன்று முதல் மூன்று வயது வரைக்கும் நாள் முழுக்க 2 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்கிறது பிரித்தானிய சுகாதார சேவை. பிள்ளை முழுப் பக்கற்றும் சாப்பிடாது, சரி, பாதி சாப்பிட்டாலும் மத்தியானச் சோறு, பருப்பு, மீன்கறி எல்லாவற்றிலும் உப்பு இருக்கிறதெல்லோ. அந்தச் சின்னத் தூள் பையைக் கிழிக்காமல் எறிந்துவிட்டு, நூடில்ஸை அவித்து வடித்து முட்டை அடித்து ஊற்றினால் அவசரத்துக்கு ஒருநாள் சமாளிக்கலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். மனைவிக்குத் தெரியாமல் அந்தத் தூளை எனக்கு மாங்காயோடு எடுத்து வைப்பது வேறு கதை.

பழைய_பிஎச்ஐ | திங்கள், காலை 5.50

தங்கச்சி, பிஎச்ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலை செய்த காலம் முழுக்கக் கடை கடையாக ஏறி லேபிள் பார்த்துத் திரிந்தவன் நான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கற்றின் முன்பக்கத்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள். அங்கே கரடி சிரிக்கும், பால் ஊற்றும், "விற்றமின் நிறைந்தது" என்று பெரிதாக எழுதியிருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில் சேர்மானங்கள் என்று ஒரு பந்தி வரும். அது நிறை ஒழுங்கில் எழுதப்படுவது, எது கூடச் சேர்ந்ததோ அது முன்னால் நிற்கும். முதல் மூன்றுக்குள் சீனி வந்தால் இரண்டு வயதுக்குள் அந்தச் சாமான் தினசரிச் சாப்பாடு இல்லை, அவ்வளவுதான். சீனி என்ற பெயரில் மட்டும் அது வராது. குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், செறிவூட்டிய பழச்சாறு, தேன் எல்லாம் அதே ஆள், வேறு சட்டை. மோல்டோடெக்ஸ்ட்ரினும் கிட்டத்தட்ட அந்தக் குடும்பம்தான். மூன்று நாலு பெயராகப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் பின்னுக்குப் போய்விடும், கூட்டிப் பார்த்தால் முதலிடம் அதற்குத்தான்.

அடுத்தது சீனி அளவைக் காட்டப் பக்கற்றில் போடுகிற அந்தக் கலர் வட்டம். இலங்கையில் 2016இல் குளிர்பானங்களுக்கு வந்தது, 2019இல் மற்றச் சாப்பாட்டுச் சாமான்களுக்கும் வந்தது. பானம் என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. திடப் பொருள் என்றால் 100 கிராமில் 22 கிராமுக்கு மேல் போனால் சிவப்பு. நல்ல ஏற்பாடு, ஆனால் அது உங்களுக்கும் எனக்கும் போட்ட கோடு, ஒன்றரை வயதுக்குப் போட்ட கோடு இல்லை. 20 கிராம் சீனி உள்ள பிஸ்கற் செம்மஞ்சள்தான் காட்டும். ஐந்தில் ஒரு பங்கு சீனி, ஆனால் வட்டம் சிவப்பில்லை. பச்சை வட்டம் போட்ட பானத்திலும் சீனிக்குப் பதிலாக இனிப்பூட்டி போட்டிருக்கலாம், பின்பக்கம் பார்த்தால்தான் தெரியும்.

மூன்றாவது, முடிவுத் திகதி. சந்திக் கடைகளில் குழந்தைச் சாமான் மெதுவாகத்தான் விற்கும். வெயில் படுகிற தட்டில் மாதக்கணக்கில் கிடக்கும்.

கச்சான்கடை | திங்கள், காலை 8.15

நாங்கள் எல்லோரும் மாரி பிஸ்கற்றைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டுத்தான் வளர்ந்தோம். எங்களுக்கு என்ன வந்தது? இப்போது பிள்ளை பெற்றால் முதலில் கணக்குப் பாடம் படிக்கவேண்டும் போல.

வார்ட்_தாதி | திங்கள், காலை 9.02

கச்சான்கடை அண்ணை, என்ன வந்தது என்றால் பல்லுச் சூத்தை வந்தது, இரத்தச்சோகை வந்தது. அதற்கெல்லாம் அப்போது பெயர் வைக்கவில்லை, "பிள்ளை சோர்ந்துபோய் இருக்கு, கண்ணூறு" என்று நாவூறு கழித்தோம். தேத்தண்ணி சின்னப் பிள்ளைக்குச் சரியில்லாததற்குக் காரணம் அதில் உள்ள தனின், அது சாப்பாட்டிலுள்ள இரும்பு உடம்பில் சேர விடாமல் பிடித்துவைக்கும். மரக்கறியும் சோறும் மட்டும் சாப்பிடுகிற வீட்டுப் பிள்ளைக்கு அது இன்னும் மோசம். பிஸ்கற் கொடுத்தால் வெறும் பிஸ்கற்றாகக் கொடுங்கள், தேத்தண்ணி வேண்டாம்.

கொக்குவில் அக்கா, உங்கள் பட்டியலில் எனக்கு முதலில் உறுத்தியது நூடில்ஸ் இல்லை, அந்தப் பேணிப் பால்மா. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டி 6 முதல் 23 மாதம் வரையான பிள்ளைகளின் சாப்பாட்டைப் பற்றியது. ஒரு வயது தாண்டினால் தாய்ப்பாலோடு சாதாரணப் பசுப்பால் போதும், இந்த "வளரும் பிள்ளை" வகைப் பால்மா தேவையில்லை என்று அதில் தெளிவாக இருக்கிறது. காய்ச்சின பசுப்பால் கிடைக்காவிட்டால் சாதாரண முழு ஆடைப் பால்மாவைக் கரைத்துக் கொடுங்கள், ஆடை நீக்கியது இந்த வயதுக்கு வேண்டாம். அந்தப் பேணி விலைக்கு எத்தனை முட்டை வாங்கலாம் என்று ஒருக்கால் கணக்குப் பாருங்கள்.

பால் கூடினாலும் பிரச்சினைதான். நாளுக்கு அரை லீற்றர் அளவோடு நிற்பாட்டுங்கள். எங்கள் வார்ட்டுக்கு வருகிற பிள்ளைகளில் சிலபேர் பார்க்கக் கொழுகொழு என்று இருப்பார்கள், இரத்தம் சோதித்தால் இரும்பு அடியில் கிடக்கும். கேட்டால் ஐந்து ஆறு போத்தல் பால், சோறு வேண்டாமாம். வயிறு பாலால் நிறைந்திருந்தால் சோறு எங்கே போகும்?

தோசைக்கல் | திங்கள், காலை 9.40

அப்ப திரிபோஷ? எங்கள் வீட்டில் மூன்று பக்கற் கிடக்கிறது, பக்கத்து வீட்டு அக்கா தந்தவ. தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்தால் நல்லாய்த்தான் இருக்கு.

வார்ட்_தாதி | திங்கள், காலை 9.58

நல்லாய் இருக்கும், அதுதான் பிரச்சினை, வீட்டிலுள்ள பெரியாக்கள் எல்லோரும் சாப்பிட்டு முடிக்கிறது! அது சோளம், சோயா, பால்மா, விற்றமின், தாதுப்பொருள் சேர்த்தது, 1973இலிருந்து வருகிறது, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கிளினிக்கில் இலவசமாகக் கொடுப்பது. உங்கள் பிள்ளைக்கு வேண்டுமா என்பதை மிட்வைவ் நிறையைப் பார்த்துச் சொல்வார். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்தது அவருக்கோ அவரின் பிள்ளைக்கோ தேவை என்றுதான்.

லண்டன்_ரியூப் | திங்கள், மாலை 4.20

அந்தக் கூழ்ப் பைகளைப் பற்றி நான் சொல்கிறேன், இங்கே ஒவ்வொரு சுப்பர்மார்க்கெற்றிலும் ஒரு சுவர் முழுக்க அதுதான். பெயர் கீரை, புரொக்கோலி என்று இருக்கும், சேர்மானத்தைப் பார்த்தால் முக்கால்வாசி அப்பிளும் பேரிக்காயும். சேர்த்த சீனி இல்லை என்று எழுதியிருப்பது பொய் இல்லை. ஆனால் பழத்தை அரைத்துக் கூழாக்கும்போது அதற்குள் பூட்டிக் கிடந்த இனிப்பு வெளியே வந்துவிடுகிறது, பிள்ளை அதை மெல்லாமல் உறிஞ்சுகிறது, பல்லில் நேரே படுகிறது. என் மகள் இரண்டு வயதுவரை மாம்பழத்தைக் கடிக்கவே மாட்டாள், "பை" என்றுதான் கேட்பாள். பையை எறியவேண்டாம். கோப்பையில் பிழிந்து கரண்டியால் தீத்துங்கள், தயிரோடு கலந்தும் தீத்தலாம். பயணம் போகிற நாளுக்கு ஒன்றிரண்டை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, வெளிநாட்டுச் சாமான் என்றாலே நல்லது என்ற எண்ணம் ஊரில் இருக்கிறது, அதற்கு நாங்களும்தான் காரணம், சூட்கேஸ் நிறையக் கொண்டுவந்து இறக்குகிறோம். உண்மையில் வித்தியாசம் வேறு மாதிரி. 2024 ஏப்ரலில் சுவிஸில் உள்ள பப்ளிக் ஐ என்ற அமைப்பு ஒரு அறிக்கை விட்டது. ஒரே நிறுவனத்தின் குழந்தைத் தானிய மா சுவிஸில் சேர்த்த சீனி இல்லாமல் விற்கிறது, ஆசியா, ஆபிரிக்கா நாடுகள் பலவற்றில் சீனியோடு விற்கிறது என்றது அந்த அறிக்கை. இந்தியாவில் சோதித்ததில் ஒருநேரக் கோப்பைக்குச் சராசரி 3 கிராம் அளவு. இதைச் சொல்வது உங்கள் பெட்டியில் இருக்கிறது என்பதற்காக இல்லை, பிஎச்ஐ ஐயா சொன்ன பொடி எழுத்தைத் தானிய மாவிலும் வாசியுங்கள் என்பதற்காக.

கொக்குவில்_தாய் | திங்கள், இரவு 9.47

வாசித்தேன். கோதுமை மா, பால்மா, அதற்கு அடுத்தது சீனி. மூன்றாவது இடம். முன்பக்கத்தில் கரடியும் இருக்கிறது.

பால்மாவைப் பற்றி இவரிடம் சொன்னேன், "அப்ப இதுவரை வாங்கின காசு?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறார்.

மாமியிடம் இன்னும் சொல்லவில்லை. பிஸ்கற்தான் பெரிய சிக்கல். பிள்ளை அழுதால் மாமியின் கை தானாக அந்தப் பேணிக்குத்தான் போகும். காலை இரண்டு, பின்னேரம் மூன்று, ஆட்கள் வந்தால் அவர்களோடு சேர்ந்து இன்னும் இரண்டு.

சைவக்கறி | திங்கள், இரவு 10.05

யோகற்றைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. நாங்கள் சைவம், அதனால் எனக்கு லேபிள் பார்க்கும் பழக்கம் கலியாணத்துக்கு முதலே உண்டு, காரணம் ஜெலற்றின். பல யோகற்றுகளில் அது இருக்கும், மாட்டெலும்பிலும் தோலிலும் இருந்து எடுப்பது. ஜெலி, மெல்லுகிற இனிப்பு எல்லாவற்றிலும் அதே கதை. அதைத் தேடப்போய்த்தான் சீனியைக் கண்டேன். வனிலா யோகற் என்பது தயிர் மாதிரி ஒரு இனிப்பு. சட்டித் தயிரோ சீனி போடாத யோகற்றோ வாங்கி ஒரு இதரைப்பழத்தை மசித்துப் போடுங்கள், பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. எங்கள் சின்னவனுக்கு முதல் நாள் தெரிந்தது, முகத்தைச் சுளித்தான். மூன்றாம் நாள் கோப்பையை நக்கினான்.

வார்ட்_தாதி | திங்கள், இரவு 10.22

ஜெலி என்றதும் ஞாபகம் வருகிறது. அந்தச் சின்னக் கப்பில் வருகிற ஜெலி, ஒரே வாயில் உறிஞ்சுகிறது, அதை எந்த நிலையிலும் கொடுக்கவேண்டாம். அது சத்துக் கணக்கு இல்லை, மூச்சுக் கணக்கு. தொண்டையில் அப்படியே மூடிபோல நின்றுவிடும், வழுவழுப்பானதால் எடுக்கவும் வராது. ஐரோப்பிய ஒன்றியம் அந்த வகையைத் தடைசெய்தே வைத்திருக்கிறது. முழுக் கச்சான், கடலை, சோளப்பொரி, வட்டமாக வெட்டின சொசேஜ், முழுத் திராட்சை எல்லாம் அந்தக் கூட்டம்தான். திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டுங்கள். கச்சானை அரைத்துப் பசையாக்கிப் பாணில் மெல்லிசாகப் பூசினால் நல்ல சாப்பாடு, முழுப் பருப்பாக ஐந்து வயதுவரை வேண்டாம்.

வடமராட்சியான் | செவ்வாய், காலை 6.35

எல்லோரும் கடைச் சாமானையே போட்டு அடிக்கிறீர்கள், நான் கொஞ்சம் மறுபக்கம் நிற்கிறேன். வீட்டில் செய்தால் எல்லாம் அமிர்தமா? எங்கள் அப்பம்மா ஒரு வயதுப் பிள்ளைக்குக் கருவாட்டுக் குழம்பில் சோறு பிசைந்து தீத்துவார், ஊறுகாய் நக்கக் கொடுப்பார், அப்பளத்தை நொறுக்கிப் போடுவார். இதெல்லாம் உப்பில் பதப்படுத்தின சாப்பாடு இல்லாமல் வேறென்ன? கருவாடு ஆலையில் செய்வதில்லை என்பதற்காக உப்பு குறைந்துவிடுமா? பருத்தித்துறை வடை எங்கள் ஊர்ப் பெருமை, நானே பக்கற் பக்கற்றாகத் தின்பவன், ஆனால் பல்லு முழுதாக வராத பிள்ளைக்கு அது பொரித்த கல்லு.

பனங்கட்டியும் அப்படித்தான். "சீனி போடவில்லை, பனங்கட்டிதான் போட்டேன்" என்று பெருமையாகச் சொல்வார்கள். பதநீரை வற்றக் காய்ச்சினால் மிஞ்சுவது பெரும்பாலும் சீனிதான். கொஞ்சம் தாதுப்பொருள் இருக்கும், ருசி நூறு மடங்கு நல்லது, ஆனால் பிள்ளையின் பல்லுக்கு இரண்டும் ஒன்று. தோலகட்டி நெல்லி ரசம் எனக்கு உயிர், அதுவும் சீனிப் பாகுதான், நெல்லிக்காய் என்று நினைத்து ஒன்றரை வயதுக்குக் கரைத்துக் கொடுத்தால் சோடா கொடுத்த மாதிரி.

கச்சான்கடை | செவ்வாய், காலை 7.10

பனங்கட்டியையும் விடமாட்டீர்களா!

பழைய_பிஎச்ஐ | செவ்வாய், காலை 7.48

தம்பி சொல்வது சரி. வீட்டுக் கைத்தொழிலாகச் செய்து விற்கிற சத்துமாவையும் சேர்த்துச் சொல்லுங்கள். நல்ல சாமான், பயறு, உளுந்து, குரக்கன், சிவப்பரிசி எல்லாம் வறுத்துத் திரித்தது, நானும் வாங்குகிறேன். ஆனால் பையில் திகதி இருக்கவேண்டும், என்ன சேர்த்தது என்று இருக்கவேண்டும். கச்சானும் சோளமும் ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடித்தால் அபிளடொக்சின் என்ற நஞ்சு உண்டாகும், அது ஈரலுக்குக் கூடாது, வறுத்தாலும் முழுக்கப் போகாது. கசக்கிற கச்சான், மணக்கிற மா எதுவென்றாலும் "கழுவி வறுத்தால் சரி" என்று மிச்சம் பிடிக்கவேண்டாம். கொஞ்சமாக வாங்கி, இறுக்கி மூடி, சீக்கிரம் முடியுங்கள்.

புத்தகப்பூச்சி | செவ்வாய், காலை 11.30

இடையில் ஒரு விளக்கம். பிரேசிலில் கார்லோஸ் மொன்தெய்ரோ என்ற பேராசிரியரின் குழு 2009இலிருந்து கொண்டுவந்த நோவா என்ற பகுப்பு இருக்கிறது, சாப்பாட்டை எவ்வளவு பதப்படுத்தியது என்று பார்த்துப் பிரிப்பது, நாலு கூட்டம். ஒன்று, அரிசி, பால், முட்டை, அவல், திரித்த மா போன்றவை. இரண்டு, எண்ணெய், சீனி, உப்பு. மூன்று, இந்த இரண்டையும் சேர்த்துப் பதப்படுத்தியது, அதாவது கருவாடு, ரின் மீன், சாதாரணச் சீஸ், சந்திப் பேக்கரியில் மாவும் ஈஸ்ற்றும் உப்பும் மட்டும் போட்டுச் சுட்ட பாண். நாலாவது கூட்டம்தான் அதிபதப்படுத்தல்: நிறம், மணமூட்டி, குழம்பாக்கி என்று எங்கள் குசினியில் இல்லாதவை சேர்ந்தது. அமெரிக்காவில் கெவின் ஹோல் என்பவர் 2019இல் 20 பேரை ஆய்வுகூடத்தில் தங்கவைத்துப் பார்த்தார். நாலாவது கூட்டச் சாப்பாட்டில் ஆட்கள் தங்களை அறியாமல் நாளுக்கு 500 கலோரி அளவு கூடச் சாப்பிட்டார்கள். அது பெரியவர்களை வைத்துச் செய்தது, பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்தக்கூடாது.

ஆனால் எனக்கு இந்தப் பகுப்பில் ஒரு குறை உண்டு. சேர்மானத்தைப் பொறுத்து முழுத்தானியப் பக்கற் பாணும் சிவப்பு ரொபியும் ஒரே கூட்டத்தில் விழும். உப்பிட்டுக் காயவைத்த சூடைக் கருவாடு அதைவிட நல்லதென்று மூன்றாவது கூட்டத்தில் நிற்கும். ஒன்றரை வயதுக்கு எனக்குக் கருவாட்டைவிட அந்தப் பாண் பரவாயில்லை.

நிலாச்சோறு | செவ்வாய், பகல் 1.05

சேர்மானங்களில் நிறம், பதனப்பொருள் போன்றவற்றுக்குப் போடுகிற ஈ (E) இலக்கங்களைப் பற்றியும் சொல்லுங்களேன், எனக்கு அதைப் பார்த்தாலே பயம்.

புத்தகப்பூச்சி | செவ்வாய், பகல் 1.40

எல்லாவற்றுக்கும் பயப்படவேண்டாம். ஈ300 விற்றமின் சி. ஈ330 தேசிக்காயில் இருக்கிற சித்திரிக்கமிலம். ஈ160ஏ கரட்டின் நிறம். ஈ500 அப்பச்சோடா. தவிர்க்கவேண்டியவை என்று நான் பார்ப்பது ஆறு நிறங்கள்: 102, 104, 110, 122, 124, 129. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. 2007இல் சவுத்தாம்ப்டனில் மூன்று வயதுப் பிள்ளைகளையும் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளையும் வைத்து இந்த நிறங்களின் கலவையைச் சோடியம் பென்சோவேற் என்ற பதனப்பொருளோடு பானத்தில் கொடுத்துப் பார்த்தார்கள், சராசரியாகக் கொஞ்சம் கூடத் துடியாட்டம் தெரிந்தது. பெரிய விளைவு இல்லை, எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரியும் இல்லை. இருந்தாலும் ஐரோப்பாவில் 2010 யூலையிலிருந்து அவை சேர்ந்த சாமானில் எச்சரிக்கை எழுதவேண்டும் என்று சட்டம். கலர் ரொபி, பளிச்சென்ற கேக் ஐசிங், பக்கற் ஜூஸ் தூள் இவற்றில்தான் தேடவேண்டும். பிள்ளைக்கு அதில் ஒன்றும் தேவையில்லை என்பதால் முடிவு லேசு.

நெத்தலிப்பொரியல் | செவ்வாய், பின்னேரம் 5.15

ரின் மீனை ஒருவரும் காப்பாற்றவில்லையே. என்னிடம் கேட்டால் அந்த அலுமாரியில் உள்ள நல்ல சாமான் அதுதான். முள்ளு மெத்தென்று வெந்திருக்கும், நசுக்கினால் கல்சியம். ரின்னில் உள்ள ரசத்தை வெளியே ஊற்றிவிட்டு, மீனைச் சுடுதண்ணீரில் ஒருக்கால் அலசி, பருப்பும் தேங்காய்ப்பாலும் விட்டு உப்புப் போடாமல் வையுங்கள். மீன் கிடைக்காத நாளுக்கு, கடல் கொந்தளிக்கிற மாதத்துக்கு, மாமிக்குச் சந்தைக்குப் போக ஏலாத நாளுக்கு. சீஸ் ஒரு முக்கோணம் பரவாயில்லை, எங்கள் வீட்டு வகையில் ஒன்றுக்கு 0.4 கிராம் உப்பு வரும், அன்றைக்கு வேறு உப்புச் சாமான் வேண்டாம்.

அரியாலை_அம்மம்மா | செவ்வாய், இரவு 8.30

பிள்ளை, நான் இதுவரை வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். மூன்று பேரப்பிள்ளைகளைப் பகலில் வைத்துப் பார்த்தவள், எனக்கும் முழங்கால்தான். உங்கள் மாமியின் பக்கத்திலிருந்து சொல்கிறேன், கோபிக்காதேங்கோ.

பிஸ்கற் பேணிக்குக் கை போவது பிள்ளைக்குப் பசிக்காக இல்லை. பிள்ளை அழுகிறது, எழும்பி அடுப்படிக்குப் போனால் திரும்பி வரப் பத்து நிமிடம், அதற்குள் பிள்ளை எங்கே ஏறுமோ தெரியாது. பேணி கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆகவே அதைக் கொடுக்காதேங்கோ, இதைக் கொடுக்காதேங்கோ என்று பட்டியல் எழுதி ஒட்டினால் அவவுக்கு மனம் நோகும், பிஸ்கற்றும் நிற்காது. அந்தக் கையெட்டும் தூரத்தில் வேறெதையாவது வையுங்கோ.

நான் வைத்தது அவல். அதுவும் பக்கற்றில் வருவதுதான். கல்லு, உமி பார்த்துப் புடைத்து ஒரு போத்தலில் போட்டு வைத்தால், கழுவிப் பாலிலோ தேங்காய்ப்பாலிலோ பத்து நிமிடம் ஊறவிட்டுக் கதலிப்பழம் பிசைந்து தீத்தலாம், அடுப்பே வேண்டாம். காலையில் மருமகள் போகமுதல் இரண்டு முட்டை அவித்துக் கோதோடு வைப்பாள். வாழைப்பழச் சீப்பு கதவடியில் தொங்கும். அவித்த மரவள்ளியோ வற்றாளையோ ஒரு துண்டு மூடிவைத்திருக்கும். வறுத்த சிவப்பரிசி மா இருந்தால் ஞாயிறில் மகனே புட்டு அவித்து வைப்பான். இதெல்லாம் எட்டுகிற இடத்தில் இருந்தபோது பிஸ்கற் தானாகக் குறைந்தது, ஒருவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

பிஸ்கற் முற்றாக இல்லை என்று சொல்லாதேங்கோ. ஆட்கள் வந்தால் ஒன்று கொடுக்கட்டும். பல்லு முளைத்ததுக்குச் செய்த பல்லுக்கொழுக்கட்டைச் சடங்கில் தலையில் கொட்டின சீனித் தேங்காய்ப்பூவையே பிள்ளை பொறுக்கித் தின்றதுதானே.

கொக்குவில்_தாய் | செவ்வாய், இரவு 10.50

அம்மம்மா, நான் இதைக் கோபிக்க ஒன்றுமில்லை. பட்டியல் ஒன்று எழுதி வைத்திருந்தேன், பிரிட்ஜில் ஒட்ட. கிழித்துவிட்டேன்.

சைவக்கறி | புதன், காலை 6.20

அவல் கொடுக்கும்போது நன்றாக ஊறினதா என்று பாருங்கள், காய்ந்த அவல் தொண்டையில் ஒட்டும்.

லண்டன்_ரியூப் | புதன், மாலை 3.55

மச்சாளிடம் அடுத்தமுறை ஓட்ஸ் கொண்டுவரச் சொல்லுங்கள், சும்மா ஓட்ஸ், பழம் தேன் ஒன்றும் சேராதது. அரைத்து வைத்தால் கஞ்சி மா அதுதான்.

(மூன்று கிழமை கழித்து)

கொக்குவில்_தாய் | வெள்ளி, இரவு 9.30

வேலைக்குப் போகத் தொடங்கிப் பத்து நாள். என்ன நடந்தது என்று சொல்கிறேன், கேட்டவர்களுக்காக.

பால்மாப் பேணி முடிந்தது, திரும்ப வாங்கவில்லை. பக்கத்துத் தெருவில் மாடு வைத்திருக்கிற ஐயா காலையில் ஒரு போத்தல் தருகிறார், காய்ச்சி வைத்துவிட்டுப் போகிறேன். குழந்தைத் தானிய மாவை எறிய மனம் வரவில்லை, காசு கொடுத்து வாங்கினது, ஆகவே சத்துமாவோடு பாதிக்குப் பாதி கலந்து முடித்தோம். கூழ்ப் பைகள் இன்னும் ஆறு கிடக்கின்றன, கோப்பையில் பிழிந்துதான் போகின்றன. நூடில்ஸை இவர் சாப்பிட்டார். ரின் மீன் பருப்பு மகளுக்குப் பிடித்துவிட்டது, அதனால் கிழமைக்கு ஒருநாள் அது.

அவல் போத்தலையும் பழத்தையும் முட்டையையும் மாமியின் கதிரைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசையில் வைத்தேன், ஒன்றும் சொல்லவில்லை. முதல் இரண்டு நாள் பிஸ்கற்தான் போனது. மூன்றாம் நாள் பின்னேரம் வந்து பார்த்தால் அவல் கால் போத்தல் குறைந்திருக்கிறது. "பிள்ளை குடுகுடு எண்டு சாப்பிட்டாள், நானும் கொஞ்சம் சாப்பிட்டன்" என்றார். இப்போது பிஸ்கற் நாளுக்கு ஒன்று, சில நாள் இரண்டு. ஆட்கள் வந்தால் கணக்கு இல்லை, அதை நான் பார்க்காத மாதிரி இருக்கிறேன்.

நேற்று ஒரு அதிசயம். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரஸ்க் பக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என்ன மாமி என்றால், "இதில சீனி ரண்டாமிடம் எண்டு போட்டிருக்கு, பாணை வெட்டிச் சட்டியில வாட்டினால் இதே சாமான்தானே, இதுக்கேன் காசு?" என்கிறார். முதல் மூன்று இடத்தைப் பற்றி அவருக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. இவர் சொல்லியிருக்கவேண்டும், ஆனால் கேட்டால் இல்லை என்கிறார்.

நிலாச்சோறு | வெள்ளி, இரவு 9.52

மாமி இந்த இழையை வாசிக்கிறாரோ என்னவோ!

நல்லூர்த் திருவிழா வருகிறதே, ஐஸ்கிரீமுக்கு என்ன செய்யப்போகிறீர்கள்?

கொக்குவில்_தாய் | வெள்ளி, இரவு 10.01

என் கோப்பையிலிருந்து இரண்டு கரண்டி. வெள்ளை நிறத்தது. 25 நாளும் போவதில்லை, தேருக்கு மட்டும்தான்.

வார்ட்_தாதி | வெள்ளி, இரவு 10.14

இரண்டு கரண்டிக்கு ஒன்றும் வராது. கச்சான் கடைகளுக்குப் பக்கத்தால் போகும்போதுதான் கவனம். ஆசையாகக் கையில் வைத்துவிடுவார்கள், அதிலும் கடைக்காரர்.

கச்சான்கடை | வெள்ளி, இரவு 10.20

நான் கொடுக்கமாட்டேன். தகப்பனுக்குக் கொடுக்கிறேன், காசு வாங்கிக்கொண்டு.